டிக்கெட் இல்லாத திருவிழாவுக்குக் காசு யார் தருகிறார்கள்? மதுரைச் சித்திரை: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரை மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம், பையில் பத்து ரூபாய்கூட இல்லாத ஆள் மதுரையில் விடிகாலையிலிருந்து நள்ளிரவு வரை வேடிக்கை பார்க்கலாம். அதிலும் மலையிலிருந்து வரும் கள்ளழகர் சாமி ஊருக்குள் இருக்கும் நாட்களில் வயிறு நிறையச் சாப்பிடலாம், தாகத்துக்கு மோரும் பானகமும் குடிக்கலாம், ராத்திரி எங்காவது ஒரு பந்தலில் துண்டை விரித்துப் படுக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். இதைப் பக்தி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். பக்திதான், மறுக்கவில்லை. ஆனால் லட்சக்கணக்கான பேர் கூடுகிற ஒன்று, பெரும்பகுதி கட்டணமே இல்லாமல், எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருக்கிற ஒற்றை ஏற்பாட்டாளரும் இல்லாமல், வருஷா வருஷம் எப்படி நடக்கிறது என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு நான் கண்ட பதில் இதுதான்: செலவையும் சரி, கூட்டத்தையும் சரி, நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டிப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். பங்கு போட்ட இடத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே நிமிஷத்துக்காக வந்து நிற்கும்போதுதான் வம்பு வருகிறது. 2022இல் ஆற்றில் நெரிசலில் இரண்டு பேர் செத்துப்போனது அப்படித்தான்.

முதலில் வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று. "சித்திரைத் திருவிழா" என்று ஒரே பெயரில் சொன்னாலும் இவை இரண்டு கோயில்களின் இரண்டு திருவிழாக்கள். மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறி 12 நாள்: காலையும் மாலையும் மாசி வீதிகளில் சாமி புறப்பாடு, நாளுக்கொரு வாகனம், எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். இன்னொன்று ஊருக்கு வடக்கே 21 கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கும் கள்ளழகர் கோயிலுடையது. பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு கள்ளர் வேடத்தில், கையில் வளைதடியும் நேரிக்கம்புமாக, தங்கப் பல்லக்கில் கிளம்புகிற அழகர், மூன்றுமாவடியில் ஜனங்கள் எதிரே வந்து நின்று வரவேற்கும் எதிர்சேவையை வாங்கி, தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிய மாலையைப் போட்டுக்கொண்டு, சித்ரா பௌர்ணமியன்று தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். கோயில் கணக்குப்படி அவர் வருவது, தவளையாகும்படி சபிக்கப்பட்ட மண்டூக முனிவரின் சாபத்தைத் தீர்க்க. தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு வந்த அண்ணன் அழகர், அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது தெரிந்து கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது ஜனங்கள் கட்டிய கதை. சடங்குக்கு அந்தக் கதை தேவையே இல்லை, ஆனால் சைவத் திருவிழாவையும் வைணவத் திருவிழாவையும் ஒரே குடும்ப விசேஷமாக்கி, இரண்டுக்கும் ஒரே கூட்டத்தை வரவைத்தது அந்தக் கதைதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623 முதல் 1659 வரை) என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளினார், சோழவந்தான் பக்கம் தேனூரில் நடந்த ஆற்றில் இறங்குதலை மதுரைக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். தேர் ஓடுகிற தெருக்களுக்கு இன்றைக்கும் மாசி வீதி என்றுதான் பெயர். அரசியல் காரணம் எதுவாக இருந்தாலும், காலத்தைத் தேர்ந்தெடுத்தது கெட்டிக்காரத்தனம். சித்திரையில் வயலில் வேலை குறைவு, ஆளும் மாடும் சும்மா இருக்கும், அறுவடைக் காசு கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து ஆற்று மணலில் தங்கி, பிள்ளைக்கு மொட்டை போட்டு, நாலு நாள் கழித்து ஊர் திரும்புவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

சரி, காசு.

மண்டகப்படி என்று ஒரு ஏற்பாடு. சாமி போகிற வழியில் குறிப்பிட்ட மண்டபத்தில் அல்லது பந்தலில் நின்று, அந்த மண்டபத்துக்கு உரியவர்களின் மரியாதையை ஏற்று, அவர்களுக்கு மாலையும், தலையில் மரியாதையாகக் கட்டுகிற பரிவட்டத் துணியும் கொடுத்துவிட்டு நகர்வார். மண்டபத்துக்கு உரியவர் ஒரு குடும்பமாக இருக்கலாம், ஒரு சமூகத்தின் உறவின்முறையாக இருக்கலாம், வியாபாரிகள் சங்கமாக இருக்கலாம், ஒரு தெருவாகவும் இருக்கலாம். கோயிலுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, பந்தல், விளக்கு, பூ, மேளம், ஒலிபெருக்கி, அப்புறம் வந்திருக்கிற ஜனங்களுக்குப் பொங்கலோ புளியோதரையோ நீர்மோரோ, எல்லாம் அவர்கள் செலவு. அழகர் மலையிலிருந்து கிளம்பித் திரும்பி மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் இப்படி 400க்கு மேற்பட்ட மண்டபங்களில் நிற்கிறார். அதாவது 400க்கு மேற்பட்ட சின்னச் சின்ன ஏற்பாட்டுக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், வரிசையில் ஒரு முறை, சில நிமிஷ நேரம். அப்பன் செய்ததை மகன் செய்கிறான், விட்டுவிட்டால் தெருவில் தலை காட்ட முடியாது. உரிமை யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு என்று நீதிமன்றப் படியேறிய கதைகளும் இந்தப் பக்கம் எல்லாக் கோயில்களிலும் உண்டு, அதை மறைத்து இனிப்பாக மட்டும் எழுத எனக்கு இஷ்டமில்லை. கௌரவம் இருக்கிற இடத்தில் சண்டையும் இருக்கும். ஆனால் அந்தக் கௌரவம்தான் பந்தலுக்குக் காசு போடுகிறது.

இதை இன்றைய விளம்பரதாரர் முறையோடு வைத்துப் பாருங்கள். விளம்பரதாரர் பணம் கொடுத்தால் மேடையில் அவர் பெயர் வரும், முன்வரிசை நாற்காலி அவருடைய ஆட்களுக்குப் போகும். அடுத்த வருஷம் அவர் விலகினால் நிகழ்ச்சியே படுத்துவிடும். மண்டகப்படிக்காரர் காசு கொடுத்து வாங்குவது முன்வரிசையை இல்லை, தன் வாசலில் சாமி சில நிமிஷம் நிற்பதை. அந்த நிமிஷங்களில் அவர் வாசலில் யார் வந்து நின்றாலும் சேர்த்துத்தான் பார்க்க முடியும். கூட்டம் வந்தால்தான் அவருக்கும் பெருமை. அதனால் கூட்டத்துக்குச் சோறு போடுகிறார். ஒருவர் நொடித்துப் போனாலும் 400இல் ஒன்று குறையும், திருவிழா நிற்காது.

கலைஞர் செலவும் இதே மாதிரி கரைந்துவிடுகிறது, ஏனென்றால் பார்வையாளர் யார், ஆட்டக்காரர் யார் என்று இங்கே பிரிக்க முடியாது. சல்லடமும் குல்லாயும் போட்டுக் கருப்பசாமியாக வருபவர், தீப்பந்தத் திரி சுமப்பவர், துருத்தி என்கிற தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுபவர், ராத்திரி முழுக்க அழகர் வர்ணிப்பு பாடுபவர், சொம்பில் சர்க்கரையை நிரப்பி மேலே சூடம் ஏற்றிக் காட்டும் பெண்கள், இவர்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. நேர்த்திக்கடன், தாத்தா காலத்திலிருந்து வருவது, அவ்வளவுதான். கூட்டத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் அந்த வேடிக்கையே.

கட்டணம் எங்கேயுமே இல்லை என்று சொல்ல வந்தால் அது பொய். திருக்கல்யாணத்துக்கு 200, 500 ரூபாய் டிக்கெட்டுகள் உண்டு. இலவசமாகப் பார்க்க வேண்டுமென்றால் தெற்குக் கோபுரம் வழியாக, முதலில் வருபவர்களுக்கு முன்னுரிமை. காரணம் எளிது: கல்யாணம் நடக்கிற, கோயில் மதிலுக்குள் இருக்கும் ஆடி வீதியில் இவ்வளவு பேர்தான் நிற்க முடியும், மாசி வீதியில் நிற்பது போல இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்யாணமே கோயில் மதிலைத் தாண்டி வழிந்துவிடுகிறது. உள்ளே தாலி கட்டுகிற நேரத்தில் வெளியே தெருக்களில், திரைகளில் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். சேதுபதி பள்ளியில் ஒரு பக்தசபை ஆயிரக்கணக்கானோருக்குக் கல்யாண விருந்து போடுகிறது. சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு வரிசையில் நின்று மொய் எழுதுகிறார்கள். மீனாட்சி கல்யாணத்துக்கு மொய்! கட்டாயப்படுத்தி வாங்கினால் அது கட்டணம், எழுத வைத்தால் அது உறவு. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஊர் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு 2019ஐச் சொல்லலாம். மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 18, அன்றைக்குத்தான் தேரோட்டம், அடுத்த நாள் அழகர் ஆற்றில். தேர்தலும் தள்ளிப்போகவில்லை, தேரும் தள்ளிப்போகவில்லை, மதுரைத் தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு நேரத்தை இரவு 8 மணி வரை நீட்டினார்கள்.

அடுத்த இரண்டு வருஷமும் இந்த ஆய்வுக்கு முக்கியமானவை. கொரோனா. 2020 மே 4 அன்று திருக்கல்யாணம் சில பட்டர்களோடு மட்டும் நடந்தது, மக்கள் வீட்டிலிருந்தே இணையத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்தார்கள், அந்த நேரத்துக்குத் தாலிக்கயிறும் மாற்றிக்கொண்டார்கள். அழகர் மதுரைக்கு வரவில்லை. 2021இல் அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே வைகை போல ஒரு செயற்கை நீர்நிலை அமைத்து அதில் எழுந்தருளச் செய்தார்கள். சடங்கு நடந்துவிட்டது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்டகப்படிகளும் துருத்தியும் வர்ணிப்பும் இல்லாமல் அதை யாரும் திருவிழா என்று சொல்லவில்லை. கல்யாணத்தைத் திரையில் பார்த்துவிடலாம். எதிர்சேவையைத் திரையில் பார்த்து என்ன செய்வது, எதிரே போய் நின்றால்தானே அது எதிர்சேவை.

அப்படி இரண்டு வருஷம் அடக்கி வைத்த ஆசையோடு 2022 வந்தது. அந்த வருஷத்துத் தேதிகளைப் பாருங்கள்: ஏப்ரல் 14 வியாழக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டு, திருக்கல்யாணம். 15 வெள்ளி, புனித வெள்ளி விடுமுறை, தேர். 16 சனி, அழகர் ஆற்றில் இறங்குதல். தொடர் விடுமுறை, மூன்று பெரிய நிகழ்வுகளும் அடுத்தடுத்த நாட்களில், அதற்கு முந்திய இரண்டு வருஷம் பட்டினி. கூட்டம் எப்படி இருக்கும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதே இல்லை. சனிக்கிழமை விடிகாலையில் ஆற்றுப் பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் இரண்டு பேர் செத்துப்போனார்கள், பலர் காயமடைந்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் அறிவித்தது, வழக்கம்போல.

ஆற்றில் இறங்குகிற இடம் 1889இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தை ஒட்டியது. வைகை அகலமான ஆறுதான், ஆனால் அந்தக் காலை கூட்டத்துக்குக் கிடைக்கிற வைகை அவ்வளவு அகலம் இல்லை. திருவிழாவுக்கென்று அணையில் தண்ணீர் திறக்கிறார்கள், அழகர் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதால் அது வேண்டியதுதான், ஆனால் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நிற்க மணல் குறைகிறது. ஸ்மார்ட் சிட்டி வேலையில் இரு கரையிலும் சாலையும் சுவரும் வந்தன. முன்பு கரை நெடுகச் சரிவில் எங்கு வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம், இப்போது அதற்கென்று விட்ட வழிகளில்தான். அதற்கு மேல், அழகர் இறங்குகிற இடத்து மண்டபத்தைச் சுற்றி அனுமதிச் சீட்டுக்காரர்களுக்கான அடைப்பு. இருட்டு, பாலத்தின் மேல் ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், தங்கக் குதிரை தலை தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரே திசையில் நகர வேண்டும். அழகர் உடுத்தியிருக்கும் பட்டு என்ன நிறம் என்று பார்த்துவிட வேண்டும், அந்த வருஷத்து விளைச்சலுக்கு அது குறி. அன்றைக்குப் பச்சை.

இதில் எது எத்தனை பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 21 கிலோமீட்டர் வழியில், நாலைந்து நாளில், 400க்கு மேற்பட்ட இடங்களில் அழகரைப் பார்க்கலாம். அவ்வளவையும் விட்டுவிட்டு, இந்த ஒரு இடத்தின் இந்தச் சில நிமிஷத்தைத்தான் திருவிழா என்று நாம் நினைக்க ஆரம்பித்துவிட்டோம். தொலைக்காட்சி நேரலை அந்த நிமிஷத்துக்கு, உள்ளூர் விடுமுறை அந்த நாளுக்கு, முக்கியஸ்தர்கள் வந்து உட்காருவது அந்த இடத்தில். பங்கு போட்டு வைத்த திருவிழாவை நாமே சுருட்டி ஒரு முனையில் கட்டிவிட்டோம். எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில் சாயங்காலம் குழந்தைகளோடு நிற்கலாம், நெரிசல் உண்டு, ஆனால் பின்னால் சாலை இருக்கிறது, ஒதுங்கிவிடலாம். ஆற்றில் இறங்கிய மறுநாள் வண்டியூரில் இருக்கும் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிறார், உண்மையில் அழகர் வந்த காரியமே அதுதான், ஆறு அதற்குப் போகிற வழி. அன்று இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம்: மச்சம், கூர்மம் என்று ஒவ்வொரு அலங்காரமாக மாற்றி மாற்றி விடிய விடியக் காட்டுவார்கள். காசு கொடுத்துப் பார்க்கிற எந்த இரவு நிகழ்ச்சியையும்விட எனக்கு அது பிடிக்கும், நடுவில் தூங்கி எழுந்தாலும் ஒரு அவதாரம் மிச்சம் இருக்கும். அதற்கடுத்த இரவு தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கு. அழைப்பிதழில் இவையெல்லாம் இருக்கின்றன, செய்தியில்தான் இல்லை.

2022க்குப் பிறகு தடுப்புகளும் கேமராக்களும் கூடின. அழகர் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று காட்டும் கைபேசிச் செயலியும் இருக்கிறது, அது நல்ல காரியம், ஏனென்றால் வருகிற நேரம் தெரிந்தால் ஜனங்கள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அடைந்து கிடக்க வேண்டாம். ஆனால் தடுப்பைவிட நாட்காட்டிதான் மலிவான கருவி. 2025இல் தேர் மே 9, ஆறு மே 12, திங்கட்கிழமை, நடுவில் மூச்சுவிட நாள் இருந்தது. 2022இல் மூன்றும் ஒட்டி வந்தன. இது பஞ்சாங்கத்தில் ஒரு வருஷம் முன்பே தெரிகிற விஷயம். ஒட்டி வருகிற வருஷத்துக்கு ஒரு ஏற்பாடு, தள்ளி வருகிற வருஷத்துக்கு வேறு ஏற்பாடு என்று திட்டமிட என்ன தடை?

தண்ணீர் பீய்ச்சுகிற விவகாரத்தில் ஒரு சின்ன வெற்றி கிடைத்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆட்டுத்தோல் துருத்தியில் வாசனைத் தண்ணீரைச் சேர்த்து, குறுகலான குழல் வழியாகக் கையால் அழுத்திப் பீய்ச்சுவதுதான் முறை. காலப்போக்கில் பிளாஸ்டிக் பை, அழுத்த பம்பு என்று வந்து, பெண்கள் மேல் பீய்ச்சுவதும் சாமி மேலும் குதிரை மேலும் கண்டதை அடிப்பதுமாகக் கெட்டுப்போனது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதில் தலையிட்டு, தோல் பைதான், பம்பு கூடாது, ரசாயனம் கலக்கக் கூடாது என்று சொன்னது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், பழைய முறையில் இருந்த அளவைத் திரும்பக் கொண்டுவந்த தீர்வு. கையால் அழுத்தினால் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் போகும். அன்னதானத்துக்கும் இப்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். முணுமுணுப்பு இருக்கிறது, எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, கத்திரி வெயிலில் மதியம் வரை வைத்த தயிர்சாதம் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இனி இந்த ஏற்பாட்டின் ஓட்டை. கௌரவத்தால் ஓடுகிற வண்டி கௌரவம் கிடைக்கிற இடத்துக்கு மட்டும்தான் போகும். சோறு போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மோர் ஊற்ற, விசிறி கொடுக்க, பூப் போட ஆள் இருக்கிறது. ஒரே தெருவில் பத்துப் பந்தலில் பத்துச் சர்க்கரைப் பொங்கல், வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே போடுகிறார்கள். ஆனால் ராத்திரி முழுக்க ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பெண் ஒதுங்க இடம் தேடினால், எந்த மண்டகப்படிக்காரரும் அதற்கு ஏற்பாடு செய்து நான் பார்த்ததில்லை. அது மாநகராட்சி தலையில். தற்காலிகக் கழிப்பறை வண்டிகள் வருகின்றன, கூட்டத்துக்குக் காணாது, வந்தவையும் விடிவதற்குள் உள்ளே போக முடியாத நிலைக்கு வந்துவிடும். குப்பையும் அப்படித்தான். இலையும் பாக்கு மட்டைத் தட்டும் தண்ணீர் பாக்கெட்டும் சேர்ந்த அத்தனையையும் மறுநாள் அள்ளுகிற தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை உண்டா, பரிவட்டம் உண்டா? திருவிழா இலவசம் என்று நாம் சொல்லும்போது, அந்த இலவசத்தின் ஒரு பகுதியை அவர்கள் உடம்பால் கட்டுகிறார்கள். போலீஸ் பந்தோபஸ்தும் தண்ணீர் லாரியும் ஆம்புலன்ஸும் பொதுப் பணத்தில். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, மண்டகப்படிக்காரர்கள் கொடுத்ததை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறோம்.

மண்டபங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் அழகர் நேரத்துக்கு வந்துவிடுவார், கூட்டமும் கட்டுக்குள் வரும் என்று ஒரு பேச்சு அவ்வப்போது எழும். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. நேரம் தவறுவது உண்மைதான், ஆளுக்கு ஐந்து நிமிஷம் கூடினால் 400 மண்டபத்தில் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று போட்டுப் பாருங்கள். அதற்கு நிமிஷத்தைக் கறாராகப் பிடிக்க வேண்டுமே தவிர மண்டபத்தை எடுக்கக் கூடாது. ஒரு மண்டபத்தை எடுத்தால் அங்கே நிற்கிற கூட்டம் வீட்டுக்குப் போகாது, ஆற்றுக்குத்தான் போகும். அதற்குப் பதிலாக இன்னும் சில மண்டகப்படிகளைச் சேர்க்கலாம் என்பது என் யோசனை, ஆனால் சோற்றுக்கு வேண்டாம். இந்த வட்டாரத்துக் கழிப்பறை இன்னாருடைய மண்டகப்படி, இந்தத் தெருவின் குப்பை இன்ன சங்கத்தின் மண்டகப்படி என்று அழைப்பிதழில் பெயர் போட்டு, அழகர் அந்த இடத்தைக் கடக்கும்போது செய்தவருக்கும் அள்ளியவருக்கும் மாலை மரியாதை கொடுத்தால் போதும். சாமி போகிற வழியில் இப்படி ஒன்றைச் சொல்வதா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு தடவை, வீட்டுப் பெண்களோடு தசாவதார ராத்திரி முழுக்க ராமராயர் மண்டபத்துப் பக்கம் இருந்துவிட்டு வந்து பேசட்டும். முதல் மரியாதைக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்கிறீர்களா? பரிவட்டம் உண்டு என்று கோயில் சொல்லட்டும், அதற்கும் யாருக்கு உரிமை என்று வழக்குப் போடுகிற ஊர் இது.